குழி எண் பதினேழு

உறுகாமத்துக்கு மேற்கே
தார் றோட்டு முடிந்து, உழவு மெசின் தடமும் முடிந்து
மாட்டுத்தடம் மட்டும் மிஞ்சுகிற இடம்.
ஒன்றரை மீற்றர் ஆழம் என்று படிவம் கேட்கிறது.
மயூரதன் மூன்றடி வெட்டியதும்
அலவாங்கு 'ணங்' என்றது.

மேலே பதினெட்டு சென்ரிமீற்றர்
கடும் கபிலம். வேர் மெத்த.
தண்ணீர்ப் போத்தல் ஜீப்பில் கிடக்க
ஒரு கட்டியை எச்சில் தொட்டுப் பிசைகிறேன்.
பெருவிரலால் தள்ளத் தள்ள
நாக்குப்போல் நீண்டு
மூன்றாவது சென்ரிமீற்றரில் முறிகிறது.
மணல் அல்ல, களியும் அல்ல,
இரண்டுக்கும் நடுவே
எவர் பக்கமும் சேராமல் இருக்கிற
இருவாட்டி.

அமிலம் ஒரு சொட்டு விட்டேன்.
மூவரும் குனிந்தோம்,
தூங்கும் பிள்ளை மூச்சுவிடுகிறதா என்று பார்ப்பதுபோல.
நுரைக்கவில்லை. சுண்ணாம்பு இல்லை.
கல்சியமற்ற கபில மண் என்று எழுதினேன்.

மூன்றாவது ஆள் கோமளேஸ்வரி.
அறுபத்திரண்டு மாட்டுக்கும்
பிரேக் இல்லாத ஒரு சைக்கிளுக்கும் சொந்தக்காரி.
கறந்த பால் கானை வெயிலில் விட்டுவிட்டு
என் நிறப்புத்தகத்தை எட்டிப் பார்க்கிறாள்.
சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஓட்டை,
ஓட்டைக்குப் பின்னால் மண்ணைப் பிடித்து
ஒத்துப்போகும்வரை புரட்டவேண்டும்.
ஏழரை வை-ஆர், நாலுக்கு நாலு
என்று நான் சொல்ல மயூரதன் எழுதுகிறான்.

"இதென்னகா, மண்ணுக்குச் சுடுற குறியா?"

அவளுடைய மாடுகளின் தொடையில்
குடிக்குறி, பக்கத்தில் தாயின் பேரில் ஓரெழுத்து.
எரிந்த இடத்தில் மயிர் முளைப்பதில்லை.
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

மறுகா கேட்டாள்,
என்னைப் பாராமல், மாட்டைப் பார்த்துக்கொண்டு:
"நல்ல மண் எண்டா எழுதப் போறீங்க?"
ஏன் என்றேன்.
"ஆத்துக்கு அங்கால நல்ல மண் எண்டுதான் எழுதினாங்க.
அடுத்த மாரிக்கு சோளன் வந்திற்று,
சோளனுக்குப் பின்னால மின்சார வேலி.
கூடாத மண் எண்டு எழுதுங்கவன்.
ஒரு எழுத்துத்தானே."

குழிக்குள் இறங்கினேன். வேறெங்கே போவது?
சுவரில் எல்லாம் திறந்து கிடந்தது.
சாணமும் அறுகம்வேரும் கறுப்பாக்கிய மேற்படை,
அதன்கீழ் குளம்புகள் மிதித்து இறுக்கிய ஒரு தகடு
(என் கத்தி அங்கே சற்று யோசித்துத்தான் போனது),
பிறகு களி ஏறிய செங்கபிலம்,
தொண்ணூறில் வெங்கச்சங்கல்.

கூடாத மண் என்று எழுத
இதில் ஒன்றுமில்லை.
நல்ல மண் என்று எழுத ஒரு பெட்டி இருக்கிறது,
பயிருக்கு ஏற்றது, இரண்டாம் வகுப்பு,
சரி போட்டால் போதும்.
நல்லதாக்கியது எது என்று கேட்க
படிவத்தில் ஒரு கோடுமில்லை.

சரி போட்டேன்.
போட்ட கையாலேயே
'ஏனைய குறிப்புகள்' என்ற இரண்டு அங்குலத்தில்
மேற்படை மாட்டினால் ஆனது என்று தொடங்கினேன்.
உழுதால் மூன்று மாரி தாங்காது, சரிவு வடகிழக்கே,
பட்டிகள் பெரும்போகத்தில் இங்கேதான், வேறு தரை இல்லை
என்று எழுத எழுத இடம் முடிந்து
எழுத்து தாளின் ஓரமாய்ச் செங்குத்தாக ஏறி
என் கையொப்பத்தையும் தாண்டிப் போனது.
அதை யாராவது
தாளைத் திருப்பிப் பிடித்து வாசிப்பார்களா, தெரியாது.

அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.
முகத்தில் ஒன்றும் மாறவில்லை.
"சரி போட்டிற்றீங்க" என்றாள்.

கன்று கால் முறிக்கும் என்று
குழியை அவளே மூடினாள், மண்வெட்டியைப் பறித்து.
அடிமண் முதலில், கறுப்பு மண் கடைசியில்.
அந்த ஒழுங்கை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
என்ன மிதித்தும் மட்டத்துக்கு வரவில்லை,
சின்ன மேடாய் நின்றது.

நான் பையைக் கட்டி இலக்கம் எழுதுகையில்
எங்கே போகிறது, எவ்வளவு என்று விசாரித்தாள்.
பேராதனைக்கு. அரைக் கிலோ.

பால் கானைத் தூக்கிச் சைக்கிளில் மாட்டினாள்.
"அரைக் கிலோவோட
நிப்பாட்டச் சொல்லுங்க."